நாற்பத்தைந்து கடைசி சிகரெட்டுகள்

தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்த நாளில் எங்கள் முகாமில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சிகரெட் தீர்ந்தது. பதினான்கு பக்கம். அவ்வளவு நீளத்தை ஒன்று பற்றவைக்காமல் எப்படிப் படிப்பது? கர்னல் படித்து முடிப்பதற்குள் இரண்டு முடித்தார். டாக்டர் மூன்று. நான் முகாமின் ரைட்டர். ஆறு பிரதி டைப் அடித்தேன். எனக்கு நான்கு. நான் டைப் அடிக்கும்போது மட்டும்தான் குடிப்பேன், ஆகையால் என்னைச் சேர்க்க வேண்டாம்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்தில் ஜெனரல் வருகிறார். அதற்குள் நாங்கள் 'புகையற்ற படைப்பிரிவு' ஆகிவிட வேண்டும். முழுக்க ஆக வேண்டியதில்லை. 'ஆகிக்கொண்டிருப்பதற்குக் கண்கூடான சான்று' இருந்தால் போதும் என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கர்னல் அந்த வரிக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் இரட்டைக் கோடு போட்டார். மற்ற பதின்மூன்று பக்கத்தையும் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளம் தோண்டுவோம். அடுத்த வாரம் அதை மூடுவோம். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். வேலையின் நடுவே மணிக்கு ஒருமுறை சார்ஜென்ட் விசில் ஊதுவார். அதற்குத் 'தம் நேரம்' என்று பெயர், பத்து நிமிடம். சிகரெட் பிடிப்பவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலில் உட்காரலாம். பிடிக்காதவன் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவனுக்கு ஓய்வு எதற்கு? நிழலில் உட்கார்ந்து சும்மா கையைப் பிசைந்துகொண்டிருப்பானா? இது எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடப்பதும் இதுதான். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் தோண்டுவார்கள், இரண்டாம் வாரம் முதுகைப் பிடித்துக்கொள்வார்கள், மூன்றாம் வாரம் தீப்பெட்டி கேட்பார்கள்.

இந்த முகாமில் ஒரே ஒருவன்தான் எதிர்த்திசையில் போனவன். லாரி டிரைவர். லாரி ஓடுகிற நாளைவிட நிற்கிற நாளே அதிகம் என்பதால் அவனும் பெரும்பாலும் மண்வெட்டிக்காரன்தான்.

அவன் வீடும் என் வீடும் ஒட்டியவை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவன் மகளுக்கு ஆறு வயது, மூச்சிரைப்பு. சாயங்காலங்களில் அந்தக் குழந்தை மூச்சை இழுக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். கேட்கிறவனுக்கே நெஞ்சை அடைக்கும். ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு டிரைவரின் சட்டையை மோந்து பார்த்தாளாம். "மருந்து நான் தர்றேன். ஆனா இது உங்க கையில இருந்து வர்ற வியாதி" என்றாளாம். அன்று சாயங்காலமே அவன் பாக்கெட்டைக் கழிவு எண்ணெய் டிரம்மில் போட்டான். அதற்கு விழாவும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் வாசலில் ஒரு சோதனை நடக்கும். அவன் வந்ததும் குழந்தை அவன் வலது கையைப் பிடித்து, விரல் விரலாக மோந்து பார்க்கும். பிறகு உள்ளே ஓடிப்போய்க் காலண்டரில் ஒரு பூ வரையும். நாற்பத்தொரு பூ ஆகியிருந்தது. மூச்சிரைப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வருவது நின்றுபோனது. எனக்கே நிம்மதியாக இருந்தது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

அதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒவ்வொரு தம் நேரத்திலும் அவன் ஒருவன் மட்டும் பள்ளத்துக்குள் நின்று தோண்டுவான். நிழலில் இருப்பவர்கள் மேலிருந்து அவனுக்கு யோசனை சொல்வார்கள்.

சுற்றறிக்கைக்கு மறுநாள் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து டாக்டர் பேசினார். சுவரில் கருத்துப்போன நுரையீரல் படம். அதை மாட்டிய ஆணியில் அவருடைய சிகரெட் பாக்கெட் ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் குடிக்கிறேனேன்னு பாக்காதீங்க. நான் டாக்டர். எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா தெரியும்" என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க."

முதலில் எழுந்தவன் எக்ஸ்பிரஸ். ஓட்டப் பந்தயத்தில் முகாமுக்குக் கோப்பை வாங்கித் தருபவன். "டாக்டர், நான் தினம் பத்து கிலோமீட்டர் ஓடுறேன். குடிக்கிறதெல்லாம் வேர்வையில வெளிய போயிடுது. பனியனைப் பாருங்க, மஞ்சளா இருக்கு. அதான் நிக்கோடின்."

டாக்டர் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாத்தியம்தான்" என்றார். அந்தப் பனியன் மூன்று வாரமாகத் தண்ணீரையே பார்க்காதது என்பதை யாரும் பேசவில்லை.

சமையல்காரர் எழுந்தார். "மீனைப் புகை போட்டு வச்சா மாசக்கணக்கா கெடாது. மனுஷன் மட்டும் எப்படிக் கெடுவான்?"

கூடமே தலையாட்டியது. சார்ஜென்ட் எழுந்து தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் முடியவே அரை நிமிடம் ஆனது. கடைசியில் எதையோ கைக்குட்டைக்குள் துப்பி, திறந்து பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா என் நெஞ்சுக்குள்ள புகை இருக்கு. நெஞ்சு அதுக்குப் பழகிடுச்சு. திடீர்னு நல்ல காத்தை உள்ள விட்டா தாங்குமா? என் மச்சான் அப்படித்தான் விட்டான். மூணாம் மாசம் போய்ச் சேந்துட்டான்."

"எதனால?" என்றார் டாக்டர்.

"பஸ் மோதி. ஆனா விட்டதுக்கு அப்புறம்தான் மோதிச்சு."

"குறிச்சுக்கோ" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். குறித்துக்கொண்டேன். இப்படி ஆளாளுக்குச் சப்பைக்கட்டு கட்டக் கட்ட எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் சட்டையிலிருந்தும் வந்த நாற்றம் ஒரு காரணம். எழுத எழுத எனக்கும் ஒன்று பற்றவைக்கத் தோன்றியது இன்னொரு காரணம்.

அப்போதுதான் டிரைவர் கையைத் தூக்கினான். "சார், நான் விட்டுட்டேன். நாப்பத்தோரு நாளாச்சு."

அவனைப் பார்த்து யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"யாரைக் கேட்டு விட்ட?" என்றார் டாக்டர்.

"யாரையும் கேக்கல சார். பாப்பாவுக்கு முடியல."

விவகாரம் கர்னலிடம் போனது. கர்னல் நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார், விளக்குவார். "தம்பி, திட்டம் ஒண்ணாம் தேதி ஆரம்பிக்குது. நீ அதுக்கு முன்னாடியே விட்டிருக்க. அப்ப திட்டத்தால விடல. சொந்தமா விட்டிருக்க. எல்லாரும் அவனவன் இஷ்டத்துக்குச் சொந்தமா திருந்த ஆரம்பிச்சா அப்புறம் ராணுவம் எதுக்கு?"

டிரைவர் விழித்தான். "இனிமே என்ன பண்ணணும் சார்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உன்னைக் 'குடிக்காதவர்' பட்டியல்ல போட்டுடறோம். குடிக்காதவனால நமக்குப் பிரயோஜனம் இல்ல. குடிச்சு விட்டவன்தான் வேணும்."

பிரயோஜனம் இல்லாதவனாகவே அவன் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

கண்கூடான சான்றுக்குக் கர்னல் ஒரு வழி கண்டுபிடித்தார். அணிவகுப்பு மைதானத்தின் நடுவில், ஜெனரல் முன்னிலையில், ஒரு வீரன் தன் வாழ்க்கையின் கடைசி சிகரெட்டைப் பற்றவைப்பான். ஒரு இழுப்பு இழுப்பான். வெறுப்போடு கீழே போட்டுப் பூட்ஸால் நசுக்குவான். பேண்டு முழங்கும். வீரனின் குழந்தை ஓடிவந்து பூங்கொத்து கொடுக்கும். கர்னல் இதைச் சொல்லும்போது அவர் கண்ணே கலங்கியது. புகை பட்டும் இருக்கலாம்.

ஆள் வேண்டுமே? வரிசையில் நிற்க வைத்து, விருப்பமுள்ளவர் ஓரடி முன்னால் வரலாம் என்றார்கள். மொத்த வரிசையும் ஓரடி பின்னால் போனது. எல்லார் முன்னாலும் நசுக்கிவிட்டு மறுநாள் பிடித்தால் மானம் போகும். பிடிக்காவிட்டால் உயிர் போகும். எக்ஸ்பிரஸ் தனக்குப் பந்தயம் இருக்கிறது, இந்த நேரத்தில் உடம்பில் எதையும் மாற்றக் கூடாது என்றான். சமையல்காரர் சாம்பலின் ருசி இல்லாமல் தனக்கு உப்பு மட்டுப்படாது என்றார். அட கண்றாவியே, இரண்டு வருடமாக நாங்கள் சாப்பிட்டது அதுதானா?

அப்போது சார்ஜென்டுக்கு ஒரு யோசனை வந்தது. முப்பது வருட சர்வீஸில் அவருக்கு வந்த ஒரே யோசனை. "சார், ஏற்கனவே விட்டவன் ஒருத்தன் இருக்கானே? அவனுக்கு இழக்க ஒண்ணுமில்லையே."

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், என்னால முடியாது சார். ஒரு இழுப்பு உள்ள போனா மறுபடி பிடிச்சுக்கும். படாத பாடு பட்டு விட்டிருக்கேன். பாப்பா தினம் கையை மோந்து பாக்கும் சார்."

"நீ குடிக்கப் போறதில்லப்பா. விடப் போற. அதுவும் ஜெனரல் முன்னாடி. உன் வம்சத்துல யாருக்காவது கெடைச்சிருக்கா இது?" என்றார் கர்னல்.

"பத்த வைக்காம சும்மா பிடிச்சுக்கட்டுமா சார்?"

"மேடையில இருந்து நாப்பது அடி. புகை தெரியணும். வாயிலேர்ந்து வரணும்." பிறகு அன்பாக அவன் தோளில் தட்டினார். "இது உத்தரவு."

'குடிக்காதவர்' பட்டியலில் இருந்து அவன் பெயரை அடித்து 'குடிப்பவர்' பட்டியலில் நான்தான் எழுதினேன். விடுவதற்கு முன்னால் குடிப்பவராக இருக்க வேண்டும் அல்லவா? அன்றைக்குத் தம் நேரத்தில், நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக, அவனுக்கு நிழலில் உட்கார இடம் கிடைத்தது.

ஒத்திகை மறுநாள் தொடங்கியது. ராணுவத்தில் கொட்டாவி விடுவதற்குக்கூட ஒத்திகை உண்டு. இது ஜெனரல் விஷயம். ஒன்பது நாள், நாளைக்கு ஐந்து தடவை. சார்ஜென்ட் விசிலோடு எண் சொல்லுவார். ஒன்று, பாக்கெட்டை எடு. இரண்டு, வாயில் வை. மூன்று, பற்றவை. நான்கு, இழு. ஐந்து, விடு. ஆறு, முகத்தில் வெறுப்பைக் காட்டு. ஏழு, கீழே போடு. எட்டு, இடது குதிகாலால் நசுக்கு.

முதல் நாள் நான்கிலேயே அவனுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆறாம் எண்ணுக்குக் காத்திருக்காமல் முகம் கோணிப் போனது. "அருமை! இந்த வெறுப்பை அப்படியே வச்சுக்கோ!" என்று கர்னல் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் நான் என் வாசலில்தான் நின்றிருந்தேன். அவன் முகாமிலேயே சோப்பு போட்டு, மண்ணெண்ணெய் போட்டு, மறுபடி சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டுதான் வந்தான். குழந்தை விரல் விரலாக மோந்து பார்த்தது. நடுவிரலில் நின்றது.

"அப்பா, குடிச்சியா?"

"இல்லடா. ஆபீஸ் வேலை."

"ஆபீஸ்ல எல்லாரும் குடிப்பாங்களா?"

"இல்லடா. விடறதுக்கு ஒத்திகை பாக்கறோம்."

குழந்தைக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய்விட்டது. காலண்டரில் பூ வரையவில்லை. அவன் மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, இவர் சொல்றது நெசமா? சிகரெட்டை விடறதுக்குச் சிகரெட் குடிக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

"மேலிடத்து உத்தரவும்மா" என்றேன். எத்தனை வருடமாக இந்த ஒரே பதிலில் என் பிழைப்பு ஓடுகிறது.

நான்காம் நாள் இருமல் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் சார்ஜென்ட் கத்தினார்: "வெறுப்பு பத்தல! முதல் நாள் இருந்த வெறுப்பு எங்கடா?" ஆறாம் நாள் மூன்றாம் எண்ணைச் சொல்வதற்கு முன்பே அவன் பற்றவைத்திருந்தான். ஏழாம் நாள் ஏழு என்று விசில் ஊதியும் அவன் விரல் விடவில்லை. முகத்தில் வெறுப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டரை அழைத்துக் காட்டினார்கள். அவர் டிரைவரின் நாக்கைப் பார்த்துவிட்டு, "நல்ல தேர்ச்சி" என்று எழுதினார்.

எட்டாம் நாள் லாரிக்குப் பின்னால் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அங்கே விசிலும் இல்லை, எண்ணும் இல்லை. அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ஒத்திகையாண்ணே" என்றான். அவன் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அது என் குரல். நாங்கள் எல்லாரும் பேசும் குரல்.

அந்த வாரம் சுவரைத் தாண்டி மறுபடி அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது. நான் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

ஜெனரல் வந்தார். பந்தல், நாற்காலி, பேண்டு. மருந்துப் பெட்டி இருந்த மேசை கண்காட்சிக்கு வேண்டும் என்று பெட்டியை எங்கோ தூக்கி வைத்துவிட்டு அங்கே நுரையீரல் படங்களை வைத்திருந்தார்கள். முன்வரிசையில் டிரைவரின் மனைவியும் குழந்தையும். குழந்தையின் கையில் பூங்கொத்து. அதற்குப் பின்னால் நாற்பது அதிகாரிகள். ஜெனரல் வரத் தாமதமானதால் இரண்டு மணி நேரமாக ஆளுக்கு ஒன்று ஊதிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் சமையற்கட்டுபோலப் புகை மண்டியிருந்தது.

ஜெனரல் பேசினார். "நானும் ஒரு காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் குடிச்சவன். மன உறுதி இருந்தா எதையும் வெல்லலாம். இப்ப சுருட்டு மட்டும்தான்."

கைதட்டல் வானைப் பிளந்தது. விசில். ஒன்று. இரண்டு. மூன்று. டிரைவர் நான்கில் இழுத்தான். ஐந்தில் விட்டான். ஆறில் முகத்தில் ஒன்றுமில்லை. ஏழு என்று விசில் ஒலித்தது. அவன் மறுபடி இழுத்தான். சார்ஜென்ட் இன்னொரு தடவை ஊதினார். அவன் இன்னொரு தடவை இழுத்தான். பஞ்சு வரை போய், விரல் சுட்ட பிறகுதான் போட்டான். "எதையும் வீணாக்காதவன். நல்ல வீரன்" என்று ஜெனரல் கர்னலிடம் சொன்னார்.

பேண்டு முழங்கியது. குழந்தை பூங்கொத்தோடு நடந்து போனது. ஒத்திகையில் ஓடி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஓடவில்லை. அவன் குனிந்து கையை நீட்டினான். குழந்தை பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, பழக்கம் போல, அவன் கையைப் பிடித்து மோந்தது. விரல் விரலாக. ஐந்து விரலையும். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. மூச்சும் வரவில்லை. அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது.

டிரைவர் தூக்கிக்கொண்டு ஓடினான். மருந்துப் பெட்டி எங்கே என்று டாக்டருக்குத் தெரியவில்லை. லாரி வரை நூறு அடி. அதற்குள் அவனுக்கே மூச்சு வாங்கி, நடுவில் ஒருமுறை நின்று இருமினான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருமினான். அந்தக் காட்சியை நான் மறக்கத்தான் பார்க்கிறேன். பேண்டை யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குழாய் வைத்துக் குழந்தையை மீட்டார்கள். பிழைத்தது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவன் மனைவி பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"நாப்பத்தோரு நாள் நல்லா இருந்தாருண்ணே" என்றாள். "நீங்கல்லாம் சேந்து விட வைக்கிற வரைக்கும்."

குழந்தையோடு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கை நாறாத அன்றைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தமே இல்லை.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். கர்னல் சொல்லச் சொல்ல. 'பயனாளியின் மகள் மகிழ்ச்சி மிகுதியால் பேச்சற்று நின்றாள்.' இந்த வரியில் என் விரல் நின்றது. "என்ன, எழுத்து ஒட்டிக்கிச்சா?" என்றார். இல்லை என்று அடித்து முடித்தேன்.

ஒரு வாரம் போனது. இப்போது அவன் அதிகாரபூர்வமாகச் சிகரெட்டை விட்டவன், சான்றிதழே இருக்கிறது. ஆகவே தம் நேரத்தில் அவனுக்கு நிழல் கிடையாது. விசில் ஊதியதும் எல்லாரும் மேலே ஏறினார்கள். அவன் மட்டும் பள்ளத்தில் நின்றான். மண்வெட்டியை விடாமல் பிடித்திருந்தான். நான் கையில் ஒரு காகிதத்தோடு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றேன்.

"அண்ணே" என்று நிமிர்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நேத்து காலையில இருந்து தொடல. ரெண்டாம் நாள். பாப்பாகிட்ட நீங்களே போன்ல சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

என் கையிலிருந்தது தலைமையக உத்தரவு. எங்கள் விழா மாபெரும் வெற்றி. மீதமுள்ள பதினோரு படைப்பிரிவுகளிலும் அதே விழாவை நடத்த வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் இருப்பதால் புதிதாக யாரையும் தேட வேண்டாம். வழியில் வரும்போது அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ காகிதங்கள் என் கையில் தொலைந்திருக்கின்றன. இதைப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவன் மண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். கீழிருந்து மேலே ஒருமுறை, மறுபடி மேலிருந்து கீழே ஒருமுறை.

"எல்லா எடத்துலயும் ஒத்திகை உண்டாண்ணே?"

"ஒன்பது நாள்" என்றேன்.